காத்தாடிக்குப் போட்ட சாவி

"இந்தப் பழைய அம்பாசடரை இன்னும் எதுக்குக் கட்டி அழுதிய?"ன்னு கேக்காத ஆளு ராஜபாளையத்துல இல்ல. எனக்கே சலிச்சுப் போச்சு. ஆனா என் வீட்டுக்காரிக்கு வலது முழங்கால் மடங்காது. ஆட்டோவுல ஏற முடியாது. இந்தக் காலத்துக் கார்ல காலை எங்க வைக்க? இதோட பின் சீட்டுலதான் நீட்டிப் போட்டு உக்காருவா. வாரத்துக்கு ஒருக்கா ஸ்ரீவில்லிபுத்தூர் போயி அவ அக்காவைப் பாத்துட்டு வருவா. வெளிய வாசல்னு அவளுக்கு அது ஒண்ணுதான்.

அதுக்கும் வினை வந்துச்சு. பிளக்குல பொறி விழ வைக்கிற பாயிண்ட் தீஞ்சு போயி, மம்சாபுரம் விலக்குல வண்டி நின்னுரும். நான் பானட்டைத் தூக்கி, உப்புத்தாள் போட்டுத் தேச்சு மாட்டுறதுக்குள்ள அவ உள்ள வெந்துருவா. வயசான காலத்துல இதென்ன பொழப்புன்னு வரும். கடைசியா நின்ன அன்னைக்குச் சொல்லிட்டா: "இன்னொரு மட்டம் நின்னா நான் இறங்கிருவேன். பொறவு இதுல ஏறச் சொல்லாதிய. அக்கா கூடப் போன்ல பேசிக்கிடுதேன்." அவ சொன்னா சொன்னதுதான்.

பாயிண்டைக் கழட்டிட்டு எலெக்ட்ரானிக் இக்னிஷன் மாட்டினோம். "அண்ணாச்சி, இன்ஜின் ஓடாம சாவியை ஆன்ல விட்றாதிய, சூடாகிச் செத்துரும்"னான் மெக்கானிக். சரிப்பான்னேன். தொட்டதும் பிடிச்சுது. எம்புட்டு நிம்மதி!

வண்டியில புதுசா எது மாட்டினாலும் பூசை போடாம ரோட்டுக்கு எடுக்க மாட்டோம். பிள்ளையார் கோயில் வாசல்ல நிறுத்தி, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வச்சாச்சு. முன்னால சேத்தூர்க்காரவிய புது டிராக்டர். மாலை, போட்டோ, அவிய சொந்தக்காரங்க அம்புட்டுப் பேரும். பூசாரி எங்க பக்கம் திரும்பவே இல்ல. "என்னங்க, வேகுதே"ன்னா பின் சீட்டுலருந்து வீட்டுக்காரி. அவளுக்குன்னு பின்னால மாட்டின சின்னக் காத்தாடி சாவி போட்டாத்தான் சுத்தும். போட்டேன். சாமிக்கு முன்னால புகை போகக் கூடாதுன்னு இன்ஜினைப் போடல. மெக்கானிக் சொன்னது சுத்தமா மறந்து போச்சு.

பூசாரி ஒரு வழியா வந்து சூடம் காட்டி, "எடுங்க"ன்னாரு. இன்ஜின் சுத்துது, பிடிக்க மாட்டேங்குது. பானட்டைத் தூக்கினா, இக்னிஷன் காயில் கை வைக்க முடியாத சூடு. கூறுகெட்டவனேன்னு என்னையே ஏசிக்கிட்டேன். வேற என்ன செய்ய?

டிராக்டர்க்காரவிய நாலு பேரு மெக்கானிக் கடை வரைக்கும் தள்ள வந்தாவ. "மொதல்ல அம்மாவை இறக்கிருங்க, கனம் குறையும்"னான் ஒருத்தன். கதவைத் திறந்தேன். அவ முகத்தைப் பாக்க எனக்குத் தெம்பில்ல.

"நான் இறங்கல. இறங்கிட்டா மறுபடி ஏற மாட்டேன், என்னைப் பத்தி எனக்குத் தெரியும். கதவைச் சாத்திட்டுத் தள்ளுங்க"ன்னா.

சாத்திட்டு, ஸ்டியரிங்கை அவிய்கள்ல ஒருத்தன்கிட்ட விட்டுட்டு, நானும் பின்னால போயிக் கை வச்சேன்.