அந்தோனியம்மாவின் ஏழு துண்டுக் கம்பு

பலாங்கொடைக்கு மேலே ஒரு தோட்டத்தில் அந்தோனியம்மா பதினெட்டு வருஷம் கொழுந்து பறித்தாள். அந்தப் பதினெட்டு வருஷத்தில் அவளுடைய வாய் அவளை மூன்று தடவை வேறு மலைக்கு மாற்றியது. குடைபிடித்து நின்ற கங்காணியிடம், "நீங்க நிக்கிறதுல தேயிலைக்கு நெழலாவது கெடைக்குது" என்று சொன்னதற்காக ஒரு தடவை. கணக்கப்பிள்ளையின் மீசையைப் பற்றி அபிப்பிராயம் சொன்னதற்காக இன்னொரு தடவை. மூன்றாவது எதற்கு என்று அவளுக்கே மறந்துவிட்டது. ஆனால் சொன்னது நியாயமாகத்தான் இருந்திருக்கும் என்பதில் அவளுக்குச் சந்தேகமில்லை.

2002இல் கொழுந்தைத் தேயிலையாக்கும் ஸ்டோரை மூடினார்கள். மூன்று வருஷம் வௌவால்கள் அதில் குடும்பம் நடத்தின. பிறகு கொழும்பு முதலாளி ஒருவர் வந்து அந்த நாலு மாடிக் கட்டடத்தை ஓட்டலாக்கினார். கொழுந்து வாட்டிய மாடிகளில் கட்டில் போட்டு, சுற்றிலும் ஆளுயரக் கண்ணாடி ஜன்னல் வைத்தார். வருகிறவர்கள் மலையைப் பார்க்க வேண்டுமாம். மலை பாதி நாள் பனிக்குள் இருந்தது. மிச்சப் பாதி நாள் கண்ணாடி அழுக்காக இருந்தது.

கண்ணாடி கழுவும் வேலை அந்தோனியம்மாவின் புருஷன் பவுலுக்குக் கிடைத்தது. பவுலுக்கு உயரம் என்றாலே பயம். அதை வெளியே சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, ஏணியில் படிக்கு ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொல்லி ஏறுவான்.

"இத்தன தடவ கூப்புட்டா மாதா காதப் பொத்திக்குவாங்க" என்பாள் இவள்.

2006 ஜூன் மாதம் ஒரு திங்கட்கிழமை, பதினோராம் படியில் ஜெபம் பாதியில் நின்றது. பவுல் ரோஜாப் பாத்தியில் கிடந்தான். வலது கால் முறிந்துவிட்டது. ஓடிவந்த மேனேஜர் ரணவீர முதலில் குனிந்து பார்த்தது ரோஜாச் செடியை.

மறுநாள் காலை அந்தோனியம்மா அவர் முன்னால் போய் நின்றாள். சிங்களம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

"அந்த வேலைய எனக்குக் குடுங்க, மாத்தயா."

"பொம்பளை எப்படி ஏணியில ஏறுறது?"

"ஆம்பளை ஏறி எப்படி எறங்குனார்னு நேத்துப் பாத்தீங்கதானே?"

வேலை கிடைத்தது. சேலைக்கு உள்ளே பவுலின் காற்சட்டையைப் போட்டுக்கொண்டு ஏழு மாதம் ஏணியில் ஏறி இறங்கினாள். பயம் இல்லாமல் இல்லை. கீழே நின்று வேடிக்கை பார்க்கிறவர்களை அங்கிருந்தே திட்டிக்கொண்டிருந்தால் பயம் தெரியவில்லை, அவ்வளவுதான்.

2007 ஜனவரியில் நீளமான ஒரு பெட்டி வந்தது. கூடவே, அதை விற்ற கம்பெனியின் ஆள் ஸஹாப்தீனும் வந்தார். பெட்டிக்குள் கறுப்புக் குழாய்கள், ஏழு துண்டு. ஒன்றின் வாயில் இன்னொன்றைச் செருகிக் கிளிப்பை அழுத்தினால் நாலாம் மாடி வரை போகும் கம்பு. நுனியில் பிரஷ். உள்ளே ஓடும் மெல்லிய டியூப் வழியாகத் தண்ணீர் ஏறி, பிரஷ்ஷின் நடுவிலிருந்து பீச்சும். ஏணியே வேண்டாம்.

"மொதல்ல சட்டத்தத் தேய்ங்க தங்கச்சி. அப்புறம் கண்ணாடி. கடைசியா பிரஷ்ஷத் தூக்கிப் புடிச்சு மேலேருந்து கீழ வரைக்கும் தண்ணிய ஓடவிடுங்க. அவ்வளவுதான், தொடைக்கவே வேணாம்."

"தொடைக்காம விட்டா என் மாமியாகூடக் குத்தம் சொல்லும். செத்து ஒம்பது வருஷமாச்சு."

"தண்ணி இந்தப் பில்டர்ல சுத்தமாகித்தான் வருது. தானாக் காயும். கறை விழாது."

முழுக் கம்பையும் முதல் தடவை நிமிர்த்தியபோது அது தூண்டிலாக வளைந்து, மூன்றாம் மாடிப் பால்கனியில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரரைத் தலையோடு குளிப்பாட்டியது. அவர் சிரித்தார். ரணவீர சிரிக்கவில்லை. ஒரு வாரத்தில் கை பழகிவிட்டது. இடுப்பில் கொடுத்து, கால் மாற்றி, கம்பின் போக்கிலேயே விட்டு இழுத்தாள். நாலாம் மாடிக் கண்ணாடி காய்ந்து தெளிந்தபோது அந்தக் கண்ணாடியில் ஒரு காகம் வந்து மோதியது. அதைவிடப் பெரிய சர்ட்டிபிகேட் அவளுக்கு யாரும் தந்ததில்லை.

நாலாவது மாதம் கண்ணாடி முழுக்க வெள்ளைப் பொட்டு விழுந்தது. கழுவக் கழுவக் கூடியது. பில்டர் செத்துவிட்டது, புதியது கப்பலில் வர மூன்று மாதமாகும் என்று ஸஹாப்தீன் போனில் சொன்னார். ரணவீர ஏணியை வெளியே எடுக்கச் சொன்னார்.

அன்று மத்தியானம் ஓட்டல் குசினியில் தேநீருக்காக நின்றபோது அந்தோனியம்மா கேத்தலுக்குள் எட்டிப் பார்த்தாள். அடியில் சுண்ணாம்பாய் வெள்ளை அப்பியிருந்தது. ஓட்டலுக்குக் குழாய்க் கிணற்றுத் தண்ணீர். அவள் வீட்டுக் கேத்தல் பத்து வருஷப் பழசு. கூரைத் தண்ணீரைப் பீப்பாயில் பிடித்துத்தான் கொதிக்க வைக்கிறாள். அதில் கரிதான் உண்டு, வெள்ளை கிடையாது.

மேனேஜரிடம் போனாள்.

"மாத்தயா, மழைத் தண்ணிய ஊத்திப் பாப்போம்."

"இது வெளிநாட்டு மெஷின், அந்தோனியம்மா."

"மழ மட்டும் என்ன, நம்ம தோட்டத்துலயா செய்றாங்க? அதுவும் மேலேருந்துதானே வருது."

இரத்தினபுரி மாவட்டத்தில் மழைக்கா பஞ்சம்? கூரையின் அழுக்குப் போக முதல் மழையை ஓடவிட்டாள். அடுத்த மழையைத் தொட்டியில் பிடித்து, வேட்டித் துணியில் வடிகட்டி, பில்டரைக் கழற்றிவிட்டு நேரே கம்புக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பில் விட்டாள். தேய்த்தாள், ஓடவிட்டாள், துடைக்காமல் நின்றாள். வெயில் வந்தது. கண்ணாடி காய்ந்தது. பொட்டு இல்லை. ரணவீர விரலால் தொட்டுப் பார்க்கப் போனார்.

"கைய வைக்காதீங்க! இப்பத்தான் கழுவுனது."

கையை எடுத்துக்கொண்டார். முதல் தடவையாக அந்த ஓட்டலில் அவள் போட்ட சத்தத்துக்கு ஒரு பெரிய மனிதர் கீழ்ப்படிந்தார். அன்றிரவு பவுலிடம் இதை நான்கு முறை சொன்னாள். புதிய பில்டர் வந்து சேர்ந்த பிறகும் தொட்டியை அவள் விடவில்லை.

2008இல் கீழ்த் தோட்டத்துக் கோவிலிலிருந்து பாதர் ஜெறோம் ஆள் அனுப்பினார். திருவிழாவுக்குள் கோபுர மாடத்து அந்தோனியார் சுரூபத்தைக் கழுவித் தர முடியுமா? நாற்பது வருஷமாய் அதைத் தொட்டது காகங்கள் மட்டும்தான். ரணவீரவிடம் கேட்டு, ஏழு துண்டையும் பிரஷ், டியூபோடு அரிசிச் சாக்கில் கட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். சண்டைக் காலம் என்பது சோதனைச் சாவடியில் பஸ் நின்றபோதுதான் மண்டையில் உறைத்தது. தமிழ்ப் பொம்பளை. சாக்கு நிறையக் கறுப்புக் குழாய்.

எல்லாரையும் இறக்கினார்கள். பக்கத்தில் உட்கார்ந்து வந்தவள், இவளை இதற்குமுன் பார்த்ததே இல்லை என்பது போலத் தள்ளி நின்றாள். சார்ஜன்ட் ஒரு துண்டை எடுத்து உள்ளே கண்ணை வைத்துப் பார்த்தார்.

"மே மொனவாத?" இவையெல்லாம் என்ன என்று கேட்டார்.

"ஜன்னல் கழுவுற கம்பு, மாத்தயா."

"இவ்வளவு நீளத்துக்கா?"

 அவள் வாய் வழக்கம்போல முன்னே போனது. "நம்பலேன்னா ஒரு தண்ணிக் குழாயக் காட்டுங்க. ஒங்க ஜன்னலும் கழுவி ரொம்ப நாளாச்சு போல."

துப்பாக்கிகள் இரண்டு பார்த்துக்கொண்டிருக்க, அவள் துண்டுகளைச் செருகினாள். கிளிப் ஒவ்வொன்றாய்ச் சொடுக்கியது. முற்றத்துக் குழாயில் டியூபை மாட்டினாள். சாவடிக்குப் பின்னால் இருந்த மாடிக் கட்டடத்தின் ஜன்னலில் பிரஷ் ஏறி, பழுப்புத் தண்ணீர் சுவரில் வழிந்தது. பஸ்ஸில் வந்தவர்களில் ஒருவர் கைதட்டினார். சார்ஜன்ட் முறைக்கவும் நிறுத்திக்கொண்டார். பிறகு சார்ஜன்டே சிரித்து, மற்ற ஐந்து ஜன்னலையும் காட்டினார். அதையும் கழுவினாள். பஸ் முக்கால் மணி நேரம் நின்றது.

"காஞ்சா பொட்டு விழும். ஒங்க தண்ணி சரியில்ல" என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள். உட்கார்ந்த பிறகு டிக்கெட்டைக் கீழே போட்டதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

கோவிலில் மழைத் தண்ணீர்த் தொட்டியும் பம்பும் இருந்தன. ஏழு துண்டும் ஏறியது. "கண்ண மூடிக்குங்க அந்தோனியாரே" என்று சொல்லித் தேய்க்கத் தொடங்கினாள். எச்சம் போனது, பாசி போனது, காவி அங்கி வெளியே வந்தது. முகத்தில் தண்ணீர் ஓடியபோது கீழே நின்ற பாதர் சத்தம் போட்டார்.

"நிறுத்து! மூக்கு எங்க? மூக்க ஒடைச்சிட்டியா?"

அந்தோனியம்மா காலடியில் தேடினாள். பச்சைப் பாசி உருண்டை ஒன்று கிடந்தது.

"மூக்கு இதுதான், பாதர். நெஜ மூக்கு எப்பவோ விழுந்திருக்கு. இத்தன நாளும் நாம பாசியத்தான் கும்பிட்டிருக்கோம்."

பாதர் சிலுவை போட்டுக்கொண்டார், பிறகு இருமுவது போல வாயைப் பொத்திக்கொண்டார். திருவிழாவுக்கு முந்தின நாள் மேசன் ஒருவர் சிமெந்தில் புது மூக்கு வைத்தார். கொஞ்சம் பெரிதாகிவிட்டது. கூட்டத்தில் தாங்கு கட்டையோடு நின்ற பவுல் மேலே பார்த்து, இது நம்ம கணக்கப்பிள்ளையின் ஜாடை என்றான். அந்தோனியம்மா ஜெபப் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, பூசை முடியும் வரை தோள் குலுங்க நின்றாள்.