இடது பக்க இருக்கை

என் காரில் இரண்டு பேர்தான் உட்காரலாம். பின்னிருக்கை கிடையாது. கூரை என்று இருப்பது ஒரு தடித்த துணி. மழை வந்தால் அதை இழுத்து மாட்ட வேண்டும், மாட்டி முடிப்பதற்குள் பெரும்பாலும் மழை நின்றுவிடும். அறுபதுகளில் செய்த பச்சை நிற ஸ்போர்ட்ஸ் கார் அது. லண்டனில் எட்மண்டனில் எங்கள் வீட்டுக்குப் பின்தெருவில் வாடகைக்கு எடுத்த கராஜ் ஒன்றில் அதை நிறுத்தி வைத்திருந்தேன். வாங்கியது நான், கவுன்சிலில் பொறியாளராக வேலை பார்த்துச் சேர்த்த என் சம்பளத்தில். ஓட்டுவதும் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. யார் பார்த்தாலும் நேரே என் கணவரிடம் போய், நல்ல கார் வைத்திருக்கிறீர்கள் என்று கைகொடுப்பார்கள். அந்த மனிதருக்குக் கார் ஓட்டுவதென்றாலே பயம்.

பிரான்சின் வடக்கே ஓர் ஊரில் கோடையில் பழைய கார்களின் பந்தய விழா நடக்கும். பந்தயத்துக்கென்று அங்கே தனி மைதானம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. கோதுமை வயல்களுக்கு நடுவே போகும் பொதுச் சாலைகளை அடைத்துவிட்டு அதிலேயே ஓட்டினார்கள். அந்தக் காலத்துப் பார்வையாளர் மேடைகள் இன்னும் சாலையோரத்தில் நிற்கின்றன. விழாவின் முதல் நாள் காலையில் சிறிது நேரம் அந்தச் சாலையை மறுபடி அடைத்து, எங்களைப் போலப் பழைய கார் வைத்திருப்பவர்களை ஒரு சுற்று ஓட்ட விடுவார்கள். ஒரே ஒரு சுற்றுதான். இரண்டு முறை கேட்டுக் கிடைக்காமல் மூன்றாம் முறை எனக்கு இடம் கிடைத்திருந்தது. அந்தச் சுற்றை ஓட்டிவிட வேண்டும், அவ்வளவுதான். அந்தக் கோடையில் எனக்கு வேறு ஆசையே இல்லை.

இங்கே ஒரு சங்கடத்தை விளக்க வேண்டும். இங்கிலாந்துக் கார் என்பதால் எனக்கு ஸ்டியரிங் வலது பக்கம். பிரான்சில் சாலையின் வலது பக்கமாகப் போக வேண்டும். அதனால் ஓட்டுகிற நான் புல்வெளியை ஒட்டி உட்கார்ந்திருப்பேன், பக்கத்தில் இருப்பவர்தான் சாலையின் நடுக்கோட்டுக்குக் கிட்ட இருப்பார். முன்னால் ஒரு லாரி போனால் எதிரே என்ன வருகிறது என்பது எனக்குத் தெரியாது. அதிலும் என் கார் தரையோடு தரையாகக் கிடக்கிற சாதி. இடது இருக்கையில் இருப்பவர் எட்டிப் பார்த்து, போகலாம் என்றால் போகலாம், பொறு என்றால் பொறுக்க வேண்டும். மோட்டார்வேயில் போயிருக்கலாமே என்பார்கள். அங்கே நெடுநேரம் ஒரே வேகத்தில் விரட்டினால் என் காருக்குச் சூடு ஏறிவிடும். கிராமச் சாலைதான் அதன் உடம்புக்கு ஒத்துவரும்.

இடது இருக்கை என் கணவருக்கென்று முடிவாகியிருந்தது. புறப்படுவதற்கு முந்தைய வாரம் தேவாலயத்துத் திருவிழாவுக்கு மண்டபத்தில் நாற்காலி அடுக்கப் போனவர், இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார். டாக்டர் பார்த்துவிட்டு, படுத்தே கிடக்க வேண்டும் என்றார். நான் அவரைக் கவனித்தேன், பொய் சொல்லவில்லை. ஆனால் கஞ்சி கொடுத்துக்கொண்டே மனதுக்குள் ஆள் தேடிக்கொண்டிருந்தேன். என் தோழிகளுக்கு லீவு இல்லை. கடைசியில் படுத்த படுக்கையிலிருந்து அவரே ஒரு பெயரைச் சொன்னார். அவருடைய அக்கா.

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நான் மலேசியாவிலிருந்து படிக்க வந்து லண்டனில் தங்கிவிட்டவள், சைவ சமயத்தவள். அவர்கள் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கக் குடும்பம். எங்கள் திருமணப் பேச்சு லண்டனின் மறுகோடியில், ரெய்னர்ஸ் லேனில், அக்காவின் வீட்டில்தான் நடந்தது. என் அப்பாவும் அம்மாவும் கோலாலம்பூரிலிருந்து விமானம் ஏறி வந்து, கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தபடி உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் நல்ல வார்த்தை பேசி முடித்த பிறகு அக்கா, இது சரிவராது என்றார். அவ்வளவுதான், காரணம் சொல்லவில்லை. சமயம்தான் காரணம் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டோம். திருமணம் நடந்தது. அக்கா வந்தார், பூச்செண்டு தந்தார், போனார். அதன் பிறகு ஒன்பது வருடம் நாங்கள் இருவரும் பேசியதெல்லாம் வானிலையும் மீன் விலையும்தான்.

அந்த அக்கா கேட்டவுடன் வருகிறேன் என்றார். பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை, விடுமுறை தொடங்கியிருந்தது. அவர் பிரான்சுக்குப் போகிறார் என்ற செய்தி ஞாயிறு பூசை முடிவதற்குள் தேவாலயம் முழுக்கப் பரவிவிட்டது. பிரான்ஸ் என்றால் அவர்களுக்கு லூர்து மாதாவின் ஊர்தான். ஆளுக்கொரு வெறும் போத்தலைக் கொண்டுவந்து, தீர்த்தம் பிடித்து வாருங்கள் என்று நீட்டினார்கள். அக்கா ஒன்றையும் வாங்கவில்லை. லூர்துக்கு இல்லை, கார் ரேஸ் பார்க்கப் போகிறேன் என்று பாதிரியார் காதுபடச் சொல்லியிருக்கிறார். பிரான்சில் எந்தத் தண்ணீர் என்றாலும் பரவாயில்லை என்று ஒரு அம்மா சொல்ல, அவருக்கு நல்ல டோஸ் கிடைத்ததாம். இதையெல்லாம் என் கணவர் சொன்னபோது, இந்தப் பெண்மணியோடு மூன்று நாளா என்று நான் தலையில் கைவைத்தேன்.

டோவரில் கப்பல் ஏறி, கலேயில் இறங்கி, முதல் நாள் எங்களுக்கு அவசரம் இல்லை. பொறும் என்பார் அக்கா, பொறுப்பேன். எடும், அதாவது முந்திப் போ, என்பார், எனக்கு லாரியின் பின்பக்கம் மட்டும்தான் தெரியும், அதனால் பேசாமல் அதன் பின்னாலேயே போவேன். காற்றில் தலைமுடி பறக்காமல் இருக்கத் துணியைக் கட்டிக்கொண்டு, செபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு, நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். இரவு ஒரு சின்ன விடுதியில் தங்கினோம். மறுநாள் காலை பந்தய ஊருக்கு ஒரு மணி நேரப் பயணம். நான் இரண்டு மணி நேரம் வைத்துப் புறப்பட்டேன். முன்னெச்சரிக்கையில் என்னை அடிக்க ஆள் கிடையாது.

அறுவடைக் காலம் என்பதை மட்டும் மறந்துவிட்டேன். விடுதியை விட்டுக் கொஞ்ச தூரம் போனதும் முன்னால் வைக்கோல் வண்டி ஒன்று வந்து சேர்ந்தது. டிராக்டர், அதன் பின்னால் இரண்டு பெட்டி, ஒவ்வொன்றிலும் வீட்டு உயரத்துக்கு வைக்கோல் கட்டு. நடந்து போகிற வேகம். வைக்கோல் துகள் எங்கள் தலையில் கொட்டியது. அக்கா இடது பக்கம் சாய்ந்து பார்த்து, எடும் என்றார். நான் கியரை மாற்றினேன். கால் அழுத்தவில்லை. கொஞ்சம் பொறுத்து மறுபடி, எடும் என்றார். எதிரே நீளமான நேர்ச்சாலை என்று அவருக்குத் தெரிந்தது. எனக்குத் தெரிந்தது வைக்கோல். நிச்சயமாகவா அக்கா என்று கேட்டேன். நான் கேட்டு அவர் பதில் சொல்வதற்குள் எதிரே ஒரு வேன் வந்துவிட்டது.

இப்படியே எத்தனை முறை என்று தெரியாது. என்னைப் பற்றி எல்லாரும் துணிச்சல்காரி என்பார்கள், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். லண்டன் வட்டச் சாலையில் மழையில் லாரிகளுக்கு நடுவே புகுந்து போகிறவள் நான். ஆனால் அப்போதெல்லாம் பார்த்தது என் கண். இங்கே என் உயிரை இன்னொருத்தியின் கண்ணில் வைக்க வேண்டியிருந்தது, அதுவும் என்னை வேண்டாம் என்று சொன்னவளின் கண்ணில். கோபம் மூக்குக்கு மேல் வந்தது. வைக்கோல் வண்டிக்காரனைத் திட்டினேன், பிரான்சைத் திட்டினேன், நாற்காலி அடுக்கப் போன என் கணவரைத் திட்டினேன். கடிகாரம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அக்கா செபமாலையைக் கைப்பையில் வைத்து மூடினார்.

"நீர் என்னை நம்பேல்லை," என்றார்.

அப்படியில்லை அக்கா என்று இழுத்தேன். அவர் விடவில்லை.

"அண்டைக்கு சரிவராதெண்டு சொன்னது சமயத்துக்காக இல்லை. இந்தப் பிள்ளை ஒருத்தரையும் நம்பாது, எல்லாத்தையும் தானே பாக்கோணுமெண்டு நிக்கும், என்ர தம்பி பாவம் எண்டுதான் சொன்னனான்."

நடுச்சாலையில், வைக்கோல் மழையில், ஒன்பது வருடத்துக்குப் பிறகு இது. எனக்கு முகம் சுட்டது. காரை ஓரமாக நிறுத்தி இறக்கிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அதை ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"ஒருத்தரும் கேக்கேல்லை. கேட்டிருந்தா சொல்லியிருப்பன்." இடது பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, "பிடிக்காததை உம்மட அப்பா அம்மாவுக்கு முன்னாலயே சொன்ன ஆள் நான். எதிரில வாகனம் வரேக்க, வரேல்லை எண்டு சொல்லுவனே?" என்றார்.

அன்றைக்கு அந்த வீட்டில் கேக் சாப்பிட்ட முப்பது பேரில் என்னைப் பற்றி மனதில் இருந்ததைச் சொன்னவர் இவர் ஒருவர்தான். மற்றவர்கள் நினைத்தது இன்றுவரை எனக்குத் தெரியாது. சாலை ஒரு கிராமத்தைத் தாண்டி மறுபடி வயலுக்குள் இறங்கியது. அவர் சாய்ந்து பார்த்தார். பொறும் என்றார். ஒரு கார் போயிற்று. இன்னும் பொறும் என்றார். இன்னொன்று.

"இப்ப எடும்."

எடுத்தேன். கண் திறந்துதான் இருந்தது, ஆனால் முதல் சில நொடி அதற்கு வேலையே இல்லை. அக்காவின் சொல் ஒன்றைப் பிடித்துக்கொண்டு இடது பக்கம் இறங்கினேன். இறங்கிய பிறகுதான் பார்த்தேன், அடிவானம் வரைக்கும் சாலை காலி. ஒரு சைக்கிள்கூட இல்லை. டிராக்டர்காரர் கையசைத்தார். அதன் பிறகு ஒரு எண்ணெய் லாரி, ஒரு குதிரை வண்டி, பெட்டி இழுத்துப் போன இரண்டு கார்கள், எல்லாவற்றையும் அவர் சொல்லச் சொல்லத் தாண்டினேன். ஒரு தடவையும் திருப்பிக் கேட்கவில்லை.

ஆனாலும் தாமதமாகிவிட்டது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தடுப்புக் கட்டை இறங்கியிருந்தது. வயல்களுக்கு அப்பால் பழைய என்ஜின்களின் சத்தம் கேட்டது, நான் இருக்க வேண்டிய வரிசை ஓடிக்கொண்டிருந்தது. மஞ்சள் அங்கி போட்ட பெரியவர் என் அனுமதிச் சீட்டைப் பார்த்து, தலையை ஆட்டி, மன்னிப்புக் கேட்டார். அவர்மேல் என்ன பிழை? கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. எனக்கு அழுகை வந்தது, அழுதேன். அக்கா ஆறுதல் சொல்லவில்லை. வீட்டிலிருந்து கொண்டுவந்த டப்பாவைத் திறந்து மீன் கட்லட்டை நீட்டி, சாப்பிடச் சொன்னார். சாப்பிட்டேன். அழுதுகொண்டே மூன்று கட்லட் சாப்பிட முடியும் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

பகல் முழுவதும் பந்தயம் பார்த்தோம். அக்கா காதில் பஞ்சு வைத்துக்கொண்டு மேடையில் உட்கார்ந்திருந்தார். எல்லாருக்கும் கடைசியில் வந்த ஒரு சின்ன நீலக் கார் மீது அவருக்கு இரக்கம் பிறந்து, அது தாண்டிப் போகும்போதெல்லாம் எழுந்து நின்றார். எனக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை. என் பிழையால் போன சுற்று அது, வைக்கோலை எவ்வளவு திட்டினாலும் அது மாறப்போவதில்லை.

மாலையில் கூட்டம் கலைந்தது. தடுப்புகளை எடுத்து லாரியில் ஏற்றினார்கள். விடுதிக்குத் திரும்பலாம் என்று நான் காரைக் கிளப்பினேன். அக்கா கையை நீட்டி எதிர்த் திசையைக் காட்டினார்.

"றோட்டைத் திறந்திட்டினம். அது எல்லாருக்கும் பொதுவான றோட்டுத்தானே. உம்மட சுத்தை ஓடும்."

எனக்கு அது தோன்றவே இல்லை. பந்தயம் முடிந்தால் அது வெறும் கிராமச் சாலை. யாரும் ஓட்டலாம், சீட்டு வேண்டாம், நேரம் வேண்டாம். திருப்பினேன். காலையில் ஓடியவர்களுக்குக் காலியான சாலை கிடைத்தது. எங்களுக்கு வீடு திரும்புகிறவர்கள், பால் லாரி, இரு பக்கமும் போக்குவரத்து. முன்னால் தன் காரில் கேரவன் பெட்டி இழுத்துக்கொண்டு ஒருவர் ஆடி ஆடிப் போனார். பார்வையாளர் மேடைகள் வரும் நேர்ச்சாலையில் அக்கா, எடும் என்றார். அவர் வாயை மூடுவதற்குள் நாங்கள் வெளியே இருந்தோம். ஆளில்லாத மேடைகளுக்கு முன்னால், வெயில் முகத்தில் அடிக்க, என்ஜின் தொண்டையைத் திறந்து கத்த, அந்தப் பெட்டியைத் தாண்டினோம். அவ்வளவு சந்தோஷமாக நான் எந்தச் சாலையிலும் ஓட்டியதில்லை. அந்தச் சுற்றை மூன்று முறை ஓடினோம். மூன்றாவது சுற்று அக்காவே கேட்டது.

அடுத்த ஆண்டு என் கணவரின் இடுப்பு நேராகிவிட்டது. பிரான்சுக்கென்று ஒரு தொப்பிகூட வாங்கி வைத்திருந்தார். நான் ரெய்னர்ஸ் லேனுக்குப் போன் போட்டு, அக்காவுக்கு எப்போது விடுமுறை என்று கேட்டேன். கணவருக்கு முகம் சுருங்கிவிட்டது, என்ன குறை கண்டாய் என்று கேட்டார். ஒரு குறையும் இல்லை. நல்ல மனிதர், என் முகம் வாடக்கூடாது என்று எதற்கும் ஓம் ஓம் என்று தலையாட்டுவார். அந்த இருக்கைக்கு அது போதாது.

அன்றிலிருந்து பிரான்ஸ் என்றால் நானும் அக்காவும்தான். வழியெல்லாம் பேசுகிறோம், சண்டையும் போடுகிறோம். ஆனால் என் திருமணத்தைப் பற்றி அன்று சொன்னதை அவர் இன்றுவரை மாற்றிச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவார்.