மாமாவின் பங்கு

வீட்டில் முட்டை வேகவைத்தால் என் பங்கை உங்களில் ஒருவர் தட்டில் வைத்துவிடுகிறேன். "அப்பாவுக்கு முட்டை பிடிக்காது" என்று வெளியே சொல்லிக்கொண்டு திரிகிறீர்கள். பிடிக்கும் பிள்ளைகளே. ஏன் வைக்கிறேன் என்பதைச் சாப்பாட்டு நேரத்தில் சொல்ல மனம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

எனக்கு அப்போது ஏழு வயது. பர்மாவில் தன்லியின் என்ற ஊரில் இருந்தோம். என் அம்மாவுக்கு ஒரே தம்பி. நான் பிறப்பதற்கு முன்பே அவர் மலையில் உள்ள பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடத்தில் சேர்ந்துவிட்டார். அவர் போன சமயம் தாத்தா படுத்த படுக்கை. தூக்கவும் கழுவவும் அம்மா ஒருத்திதான். அந்தக் கோபத்தில் அம்மா அவரிடம் சொன்னது எங்கள் சொந்தக்காரர் எல்லாருக்கும் தெரியும்: "போ. நீ செத்தாலும் எனக்குச் சொல்லி அனுப்பாத."

எட்டு வருஷம் பேச்சில்லை. தாத்தாவும் போய்ச் சேர்ந்தார். பிறகு ஒரு மழைக்காலத்தின் கடைசியில் அம்மா காய்ந்த இறாலையும் பூண்டையும் மிளகாயையும் வறுத்துப் பலாச்சோங் செய்து, ஒரு கண்ணாடிப் புட்டியில் அடைத்தாள். "இது இருந்தா உங்க மாமாவுக்குச் சோறு எறங்குறதே தெரியாது. நேர்ல குடுத்து, தப்பாப் பேசிட்டேன்டான்னு சொல்லிட்டு வந்துரணும்" என்றாள்.

"ஒரு கடுதாசி போட்டுட்டுப் போயேன்" என்றார் அப்பா.

"போட்டா வராதேன்னு எழுதிருவான். அவன் யாரோட தம்பி?"

அம்மாவும் நானும் கிளம்பினோம். ரயில், பிறகு லாரி, பிறகு நடை. வழியெல்லாம் மண் சரிந்து கிடந்தது. புட்டி என் மடியை விட்டு இறங்கவில்லை.

மடம் வெள்ளைக்காரத் துறவிகள் அந்தக் காலத்தில் கல்லால் கட்டியது. சுவர் முழுக்கப் பாசி. நாங்கள் போனபோது மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்துக்கொண்டிருந்தது. கதவைத் திறந்தவர் கறுப்பு அங்கி போட்ட ஒரு கிழவர். அம்மா மாமாவின் பெயரைச் சொல்லி, நான் அவன் அக்கா என்றாள். கிழவர் அவளை வெகுநேரம் பார்த்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் மணி நின்றுவிட்டது. மணி நின்றால் அங்கே பேச்சும் நிற்க வேண்டும். விரலை உதட்டில் வைத்தார். துக்கம் சொல்வது மடத்துத் தலைவர் வேலை, தன் வேலை கதவு திறப்பது என்று நினைத்தாரோ என்னவோ.

பெண்கள் உள்ளே போகக்கூடாது. அம்மாவை வாசலறையில் உட்காரச் சொல்லிக் கை காட்டிவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டார். அம்மா என் காதில் சொன்னாள்: "புருவத்துல வெட்டுத் தழும்பு இருக்கும். அவரு கையில குடு. அக்கா வந்திருக்குன்னு சொல்லு."

உள்ளே சாப்பாட்டுக் கூடத்தில், நீளமான மேசையில் பதினைந்து பேர் இருப்பார்கள். யாரும் பேசவில்லை. ஒருவர் மட்டும் உயரத்தில் நின்று பர்மிய மொழியில் புத்தகம் வாசித்தார். எல்லார் தட்டிலும் சோறு, பூசணிக்காய், பாதி முட்டை. நான் ஒவ்வொரு புருவமாகப் பார்த்தேன். தழும்பு இல்லை. ஓர் இடம் மட்டும் காலி. அங்கேயும் சோறும் முட்டையும் வைத்திருந்தது. தட்டுக்கு முன்னால் ஒரு சின்ன மரச்சிலுவை. மாமா வரத் தாமதம் என்று நினைத்து, நேரே போய்ப் புட்டியை அந்தச் சிலுவை பக்கத்தில் வைத்தேன்.

வாசித்தவர் நிறுத்திவிட்டார். ஒருவர் அங்கிக் கையால் கண்ணைத் துடைத்தார். மூடி சரியில்லை, மிளகாய் நெடி ஏறிவிட்டது என்று எனக்கு வெட்கமாகப் போயிற்று.

சாப்பாடு முடிந்ததும் கதவுக் கிழவர் அந்தத் தட்டை எடுத்துக்கொண்டு என்னைத் தாழ்வாரத்தில் உட்கார வைத்தார். "உன் மாமாவின் பங்கு. சாப்பிடு மகனே" என்று பர்மிய மொழியில் மெதுவாகச் சொன்னார். முதலில் முட்டையைத் தின்றேன். ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை.

வாசலறைக்கு ஓடினேன். "மாமாவப் பார்த்தியா?" என்றாள் அம்மா.

"இல்ல. அவரு வரல."

அவள் முகம் வாடிவிட்டது. "நான் வந்திருக்கேன்னு தெரிஞ்சுமா வரல?"

எனக்குப் பொறுக்கவில்லை. "அவரு சோத்த எனக்குக் குடுக்கச் சொன்னாரும்மா. முட்டையும்."

"அவனா சொன்னான்?"

"அவரேதான் சொன்னாராம். கதவு தொறந்த போபோ சொன்னாரு."

அம்மா என் விரல்களை முகர்ந்து பார்த்துச் சிரித்தாள். அழவும் செய்தாள். "சின்னதுலயே அப்படித்தான். எனக்கு வைக்காம முட்டை திங்க மாட்டான்." முடியைக் கோதி, புடவையைச் சரிசெய்துகொண்டு வாசலையே பார்த்தபடி இருந்தாள். மடத்துத் தலைவர் உள்ளே வந்தபோது சிரித்த முகமாக எழுந்து நின்றாள். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு அவர் அவளை முதலில் உட்காரச் சொன்னார்.

காய்ச்சல். மாமா போய்ச் சேர்ந்து பதினோரு நாள் ஆகிவிட்டது. இறந்தவர் இடத்தில் முப்பது நாள் சிலுவை வைப்பார்களாம். அவருடைய சோற்றை வாசலுக்கு வரும் யாருக்காவது கொடுப்பார்களாம். அது அவர்கள் வழக்கம்.

அம்மா ஒன்றுதான் கேட்டாள். "எனக்குச் சொல்லி அனுப்ப வேணாம்னு சொன்னானா?"

"இல்லையம்மா. அக்காவுக்கு எழுதுங்கள் என்றுதான் சொன்னார். எழுதினோமே."

அந்தக் கடிதம் நாங்கள் வீடு திரும்பிய பிறகுதான், மழையில் ஊறி வந்து சேர்ந்தது.

மாமா செத்துப்போனார் என்பது எனக்கும் புரிந்தது. நான் சொன்ன பொய்க்கு அடி விழும் என்று பயந்துகொண்டே லாரியில் உட்கார்ந்திருந்தேன். அம்மா அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. பாதி மலை இறங்கியதும், "வயிறு நெறஞ்சுதாடா?" என்றாள். நிறைந்தது என்றேன். ரயிலில் மறுபடி கேட்டாள். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது மறுபடியும். பசிக்குமோ என்று கேட்கிறாள் என நினைத்து, சலிப்போடு, "எத்தன தடவதான் கேப்ப? நெறஞ்சுதும்மா" என்றேன்.

தம்பியின் கடைசிப் பிடிச் சோறு தன் வீட்டுக்கு வந்து சேர்ந்ததா என்று அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு அது அப்போது தெரியவில்லை.