ஆளுக்குக் கொஞ்சம் கூட்டிய பர்னர்

அன்வர் பாயின் பீரோக்கள் சில மஞ்சளாகவும் சில வேகாமலும் வந்துகொண்டிருந்தன. ஆனேக்கல் பக்கம் அவருடைய தொழிற்சாலை. வெள்ளைப் பவுடர் அடித்த பீரோவைச் சூடான காற்று சுற்றும் ஓவனில் வைத்தால் பெயின்ட் உருகிப் பிடிக்க வேண்டும். சூடு மிஞ்சினால் மஞ்சள் தட்டும், குறைந்தால் நகத்தால் கீறினாலே உரியும். அங்கே இரண்டும் ஒரே நாளில் நடந்தன.

ஓவனைக் கட்டியவர் நிர்மலா. பெங்களூரு மல்லேஸ்வரத்தில் எங்கள் பர்னர் கம்பெனியில் என் பக்கத்து மேஜையில் பல வருடம் இருந்துவிட்டு, சொந்தத் தொழில் தொடங்கப் போனவர். இது அவருடைய முதல் ஓவன். அதைச் சூடாக்கும் கேஸ் பர்னர் எங்களிடம் வாங்கியது.

"மூர்த்தி சார், சனிக்கிழமைக்குள்ள சரியாகலன்னா கழட்டி எடுத்துட்டுப் போன்னுட்டாரு. முதல் ஓவனே திரும்பி வந்தா அப்புறம் யாரு சார் எங்கிட்ட வாங்குவாங்க?" என்றார் போனில். அழக்கூடாது என்று இழுத்துப் பிடித்துக்கொண்டு பேசுவது தெரிந்தது.

மேனேஜர் கௌடரிடம் சொன்னேன். "சூடு பத்தலப்பா. அடுத்த சைஸ் குடுத்துடு. ஸ்வல்ப ஜாஸ்தி இருந்தா யாருக்கு என்ன?" என்றார்.

அந்த 'ஸ்வல்ப' மேல் எனக்கு எப்போதுமே எரிச்சல். நேரில் போய் ஓவன் முன்னால் நின்றேன். பர்னர் தீயைக் குறைத்துக் குறைத்துக் கடைசி அளவுக்கு வந்தது. அப்போதும் சூடு ஏறிக்கொண்டே போனதால் கன்ட்ரோலர் அதை அணைத்தது. மறுபடி பற்றவைக்கும் முன் மிச்ச கேஸை விரட்ட ப்ளோயர் குளிர்ந்த காற்றை அடிக்க, ஓவன் ஆறிப்போனது. பிறகு முழுத் தீ. நாள் பூராவும் இதே கூத்து. சூடு பற்றாமல் இல்லை, பர்னர்தான் ரொம்பப் பெரிசு.

விசாரித்தால், மணிக்குப் பன்னிரண்டு பீரோ செய்கிற பாய் இருபது என்று சொல்லியிருக்கிறார். நிர்மலா அதன்மேல் கால் பங்கு சேர்த்திருக்கிறார். கௌடர் கேட்லாக்கில் அதற்கும் அடுத்த சைஸை எடுத்துத் தந்திருக்கிறார். ஆளாளுக்கு உப்புப் போட்ட சாம்பார்தான்.

பாதி சைஸ் போதும் என்றேன். "வித்தத வாபஸ் வாங்கிச் சின்னது குடுக்கறதா? சென்னாகிதே, ரொம்ப நல்லாருக்கு!" என்று கௌடர் முனகினார். ஆனாலும் ஷோரூமில் இருந்த டெமோ பர்னரை எடுத்துப்போக விட்டார்.

அதைப் பார்த்து அன்வர் பாய் சிரித்தார். "இது எங்க வூட்டு பிரியாணிக்கே பத்தாதே சார். காலைல சூடாக எவ்ளோ நேரம் புடிக்கும்?"

"முக்கால் மணி நேரம், பாய்."

அவர் சிரிப்பு போய்விட்டது. "பழைய டீசல் ஓவன்ல காலைல பாதி நேரம் ஆளுங்க சும்மா குந்தினு இருப்பாங்க. அதுக்கு பயந்துதான் இருபதுன்னு சொன்னேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் நிர்மலா சொன்னார்: "முன்னாடியே வந்து நானே பத்த வைக்கிறேன் பாய். ஆளுங்க வர்றப்ப ஓவன் ரெடியா இருக்கும்."

அப்படியே செய்தார். தினமும் முதல் பஸ்ஸைப் பிடித்து ஆனேக்கல் போனார். ஒருநாள் நானும் கூடப் போனேன். ப்ளோயர் ஓடி, வால்வு டக்கென்று திறந்து, தீ பிடித்து அடங்கியது. பிறகு அணையவே இல்லை. ஓய்வுபெற்று வீட்டில் இருக்கிற இப்போதும் சில காலைகளில் அந்தச் சத்தத்துக்கு மனசு ஏங்குகிறது.

சனிக்கிழமை அன்வர் பாய் வரிசையாக எல்லா பீரோவையும் கட்டைவிரல் நகத்தால் கீறிப் பார்த்தார். பிறகு நிர்மலாவிடம் வந்தார்.

"திங்கக்கெழமைலேர்ந்து நீங்க வரவேணாம்மா."

நிர்மலாவின் முகம் வெளுத்துவிட்டது. பாய் பதறிப்போனார். "அய்யோ, அதுக்கில்லம்மா. ஓவன் இங்கயேதான் இருக்கும். பத்த வைக்க எங்க ஆளுக்குச் சொல்லிக் குடுங்க, அவன் பாத்துக்குவான்."

நிர்மலா அழுதேவிட்டார். எனக்கும் கண் கலங்கியது, சொல்வதில் வெட்கமில்லை.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களே, பர்னர் கேட்டு வருகிறவரிடம் எத்தனை கிலோகேலரி சூடு வேண்டும் என்று பிறகு கேளுங்கள். முதலில் அவர் எதற்குப் பயப்படுகிறார் என்று கேளுங்கள்.