பத்து லட்சத்து ஒன்றுக்காக ஒரு சண்டை

பேருந்து நிறுத்தத்தின் எதிரே வந்து நின்ற லாரியின் எண்ணைப் பார்த்ததும் டீச்சரின் உதடுகள் அசையத் தொடங்குகின்றன. 8633. பேருந்து வந்துவிட்டது, அவர் ஏறவில்லை. "எண்பத்தொம்போது பெருக்கல் தொண்ணூத்தேழு. பகா எண் மாதிரி மூஞ்சிய வச்சுக்கிட்டு எப்படி ஏமாத்துது பாருங்க" என்று லாரிக்காரரை முறைக்கிறார். அவர் என்ன செய்வார், பாவம்.

எங்கள் பள்ளியில் அவர் கணக்கு, நான் தமிழ். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் 'பகா டீச்சர்'. பகா எண்ணை ஒன்றும் அதே எண்ணும் தவிர வேறெதுவும் மீதியின்றி வகுக்காது. இவரிடமும் யாருடைய பருப்பும் வேகாது. சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால், "உங்க போன் நம்பர் சொல்லுங்க" என்பார். சொன்னால் சாப்பாடு ஆறிவிடும்.

இந்த வருடம் விடைத்தாள் திருத்தும் முகாமுக்கு இருவரும் போயிருந்தோம். '1000001 பகா எண்ணா? காரணம் தருக' என்பது கேள்வி. ஆமாம் என்றது மேலிடத்து விடைக்குறிப்பு. இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு, பதினொன்று எதனாலும் வகுபடவில்லையாம். டீச்சர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"பதினொன்னோட மூச்சு வாங்கிடுச்சா இவங்களுக்கு? ஆயிரம் வரைக்கும் பார்க்க வேணாமா? நூத்தி ஒன்னால வகுத்தா ஒம்போதாயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்னு, மீதியே கிடையாது. நூறோட கனம், கூட ஒன்னு. பார்த்த உடனே தெரிய வேணாமா?"

முகாம் அலுவலர் ஓடி வந்தார். "கீயில என்ன இருக்கோ அதைப் போடுங்க டீச்சர். நமக்கெதுக்கு வம்பு?"

"சரியா எழுதின பிள்ளைக்கு முட்டை போடணுமா? அதுக்கு வேற ஆளைப் பாருங்க."

வேறு ஆளைப் பார்த்தார்கள். அவரை அன்றே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அவர் சும்மா இருக்கவில்லை. புகார் மேல் புகார் போனது. "ஒரு மார்க்குக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்று கணவர் கேட்டாராம். "மார்க் கிடக்கட்டும். இவங்க சொன்னா பத்து லட்சத்து ஒன்னு பகா எண்ணா ஆயிடுமா?" என்று திருப்பிக் கேட்டாராம் டீச்சர்.

கடைசியில் அறிவிப்பு வந்தது. கேள்வி குழப்பமாக இருந்ததால் அனைவருக்கும் கருணை மதிப்பெண். கை கொடுக்கப் போன எங்களைப் பார்த்து டீச்சருக்கு முகம் சிவந்தது.

"அந்த எண்ணுல என்ன குழப்பம்? மண்டையை உடைச்சுக் கண்டுபிடிச்ச பிள்ளைக்கும் மார்க், குருட்டாம்போக்குல அடிச்சு விட்டதுக்கும் மார்க். இதுக்குப் பேரு கருணையா?"

நியாயமான கேள்விதான். 'தப்பு எங்களுடையது' என்று சொல்ல மட்டும் மேலிடத்தில் ஒருவருக்கும் வாய் வரவில்லை.

நேற்று ஏதோ வேலையாகப் பள்ளிக்கு வந்த முகாம் அலுவலர், பிள்ளைகள் போன பிறகு டீச்சரின் வகுப்பறையில் எட்டிப் பார்த்தார். நானும் அங்கிருந்தேன்.

"மனசுல வச்சுக்காதீங்க டீச்சர். எல்லாருக்கும் நல்லதாத்தானே முடிஞ்சுது?"

டீச்சர் கரும்பலகையில் 1000001 என்று பெரிதாக எழுதினார். சாக்பீஸை அலுவலரின் கையில் வைத்தார். பிறகு முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்து கைகளைக் கட்டிக்கொண்டார்.