பற்றறியின் ஊர் விசாரித்த கதை

லப்டொப் திருத்தும் தொழிலில் திருத்துகிற வேலை குறைவு, பதில் சொல்லுகிற வேலைதான் கூட. "நேற்று வரைக்கும் ஓடினதுதானே, இண்டைக்கு என்னண்டு பழுதானது?", "உள்ளுக்கை இருந்த நல்ல சாமானைக் கழட்டி எடுக்கேல்லைத்தானே?" என்று கேட்பவர்களுக்கெல்லாம் சிரித்த முகத்தோடு பதில் சொல்லிப் பழகிய, என்னைப்போல மாட்டுப்பட்டவர்களே, உங்களிடம்தான் இதைச் சொல்லி ஆறவேண்டும். சாவகச்சேரி பஸ் நிலையத்துக்குக் கிட்ட எனக்கு ஒரு சின்னக் கடை. கூட வேலை செய்கிறவன் ரிஸ்வி, யாழ்ப்பாணம் டவுனிலிருந்து பஸ்ஸில் வருகிறவன். எந்தக் கேள்விக்கும் எங்கள் இருவரிடமும் பதில் இருந்தது, பற்றறிக்கு எந்த ஊர் என்று ஒருவர் கேட்கும் வரைக்கும்.

ரொறன்ரோ நிபந்தனை

எங்கள் பக்கத்தில் உள்ளுக்குள் ஒரு சின்னப் பள்ளிக்கூடம் இருக்கிறது. கணினி அறை என்று பெயர்ப்பலகை இருக்கிறது, கணினி ஒன்றுதான் ஓடுகிறது. முன்னுக்கு நிற்கிற பிள்ளை மவுஸைப் பிடிக்கும். மற்றப் பிள்ளைகள் அந்தப் பிள்ளையின் பிடரியைப் பார்த்துத் தகவல் தொழில்நுட்பம் படிப்பார்கள். அதிபர் ரீச்சர் கனடாவில் இருக்கும் பழைய மாணவர் குலேந்திரன் அண்ணையிடம் லப்டொப் வாங்கித் தரச்சொல்லிக் கேட்டார். அவரும் மறுபேச்சில்லாமல் ஓம் என்றுவிட்டார். வாங்கிப் பூட்டிக் கொடுக்கும் பொறுப்பு எனக்கு.

ஆனால் அந்தக் கிழமை அவர் பற்றறிக்குள் போடுகிற கோபால்ட் பற்றி ஏதோ வீடியோ பார்த்துவிட்டார். சின்னப் பிள்ளைகள் குழிக்குள் இறங்கித் தோண்டுகிறார்களாம். எனக்குப் போன் எடுத்தார். "பிள்ளை, ஒவ்வொரு பாகமும் எங்கையிருந்து வந்தது, ஆர் செய்தது, செய்தவனுக்கு நேரத்துக்குச் சாப்பாடு கிடைச்சதோ எண்டு விசாரிச்சுச் சொல்லு. அப்பதான் வாங்குவம். பாவத்திலை வந்த சாமான் என்ரை பள்ளிக்கூடத்துக்கை வரக்கூடாது." நான் போனை வைத்ததும், பக்கத்தில் பழைய கீபோர்ட்டைத் துடைத்துக்கொண்டிருந்த ரிஸ்வி சொன்னான்: "அக்கா, எங்களுக்கு நேரத்துக்குச் சாப்பாடு கிடைக்குதோ எண்டும் ஒருக்கா விசாரிக்கச் சொல்லுங்கோ."

விசாரணை

முதலில் கொழும்பில் எங்களுக்குச் சாமான் அனுப்புகிற மொத்த வியாபாரியிடம் கேட்டேன். பற்றறி எங்கே செய்தது என்றேன். "ஏன் தங்கச்சி, வீங்கிட்டுதா?" என்றார். இல்லை, எங்கே செய்தது என்றுதான் தெரியவேண்டும் என்றேன். பழுதில்லாத பற்றறியைப் பற்றி இதுவரை யாரும் அவரிடம் கதைத்ததில்லை போலும். பிறகு சொன்னார்: "சாமான் கன்டெய்னர்ல வருது. கன்டெய்னர் கப்பல்ல வருது. அதுக்கு அங்கால நான் போனதில்ல தங்கச்சி."

சரி, நாமாவது போவோம் என்று இரண்டு மூன்று நாள் இணையத்தில் கிடந்தேன். கோபால்ட் ஒரு நாட்டில், பற்றவைக்கிற வெள்ளீயம் இன்னொரு நாட்டுக் கடலடியில், பூட்டுவது வேறொரு நாட்டில். ஒரு படத்தில் இடுப்பில் கயிறு கட்டிய பொடியன் ஒருவன் குழிக்குள் இருந்து எட்டிப் பார்த்தான். எங்கள் பள்ளிக்கூடத்தில் பிடரி பார்த்துப் படிக்கிற பிள்ளைகளின் வயதுதான் இருக்கும். எனக்கு உண்மையாகவே மனம் கனத்துப்போனது. இத்தனை வருடமாக எத்தனை பற்றறி மாற்றியிருப்பேன், ஒருநாளும் இதை யோசித்ததில்லை. அந்த வேகத்தில் லப்டொப் கம்பனி ஒன்றின் இணையத்தளத்துக்குப் போய், உங்கள் பற்றறியில் பிள்ளைகளின் உழைப்பு இருக்கிறதா என்று நேராகவே கேட்டு எழுதினேன். உடனே பதில் வந்தது: "உங்கள் கேள்வி எங்களுக்கு மிகவும் முக்கியம். உங்கள் கணினியை ஒருமுறை நிறுத்தி, மீண்டும் இயக்கிப் பார்த்தீர்களா?"

சம்பந்தம் பேசுவதுபோல

போன் சார்ஜர் வாங்க ராணி அக்கா வந்தார். குலேந்திரன் அண்ணையின் தங்கச்சி. பள்ளிக்கூடத்துக்குப் பின் ஒழுங்கையில் தனியே இருக்கிறவர். என் முகத்தைப் பார்த்து என்ன என்று கேட்டார். சொன்னேன். அவர் கடை வாங்கில் உட்கார்ந்து, சிரித்து, பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "அண்ணை நல்ல மனுசன். ஆனா விசாரிக்கத் தொடங்கினா விடமாட்டார். மாப்பிள்ளையின்ரை ஊர், தாயின்ரை ஊர், தாயின்ரை தாயின்ரை ஊர் எண்டு விசாரிச்சு விசாரிச்சே எனக்கு வந்த நல்ல சம்பந்தமெல்லாம் போச்சு. பள்ளிக்கூடத்துக்கும் உந்தக் கதி வராமல் பாத்துக்கொள் பிள்ளை."

சந்தனப் பொட்டு

அதிபர் ரீச்சரிடம் போய் உள்ளதைச் சொன்னேன். சுத்தமானது என்று நான் சத்தியம் பண்ணக்கூடிய புது லப்டொப் ஒன்றும் இல்லை. இருக்கிறவற்றில் பாவம் குறைந்தது, ஏற்கெனவே செய்து முடித்து வீடுகளில் கிடக்கிற பழையதுதான். ரீச்சர் கெட்டிக்காரி. அடுத்த பெற்றோர் கூட்டத்திலேயே, வெளிநாட்டுச் சொந்தம் கொண்டுவந்து கொடுத்து, பாவிக்காமல் அலுமாரிக்குள் கிடக்கிற லப்டொப்புகளைக் கேட்டுவிட்டார். வந்து குவிந்தன. எங்கள் ஆட்கள் பெறுமதியான சாமானைப் பாவித்துப் பழுதாக்க மாட்டார்கள், பாவிக்காமலே பழுதாக்குவார்கள். ஒவ்வொன்றுக்கும் பூப்போட்ட துணி உறை. எங்கேயிருந்து வந்தது என்று கேட்டால், "நோர்வேயிலை இருந்து, சின்னவன்," "லண்டனிலை இருந்து, மச்சாள்" என்று டக்கென்று பதில் வந்தது.

பற்றறிகள் பெரும்பாலும் வீங்கிப்போயிருந்தன. அவற்றைக் கழற்றி வைத்துவிட்டு நேரே கரண்டில் கொடுத்தோம். பழைய மொடல்கள்தானே, பற்றறி இல்லாமலே ஓடின. கோபால்ட் பிரச்சினை அந்த இடத்திலேயே தீர்ந்தது. ஒன்றில் மட்டும் கீபோர்ட்டுக்குள் சந்தனம் இறுகிக் கிடந்தது. நவராத்திரிக்கு மட்டும் வெளியே எடுத்து, சரஸ்வதி படத்துக்கு முன்னால் வைத்து, பிறகு உள்ளே வைப்பார்களாம். ரிஸ்வி பிரஷால் துடைக்கத் தொடங்க, கொண்டுவந்த அம்மா பதறிப்போனார்: "தம்பி, ஓடாட்டிலும் பரவாயில்லை, மேலை இருக்கிற பொட்டை மட்டும் அழிச்சுப்போடாதை!"

வீடியோவில் அண்ணை

மிச்சம் ஒன்றுதான். பற்றறி இல்லாத லப்டொப்புக்கு மேசைக்கு மேசை பிளக் வேண்டும்; அறையில் இருந்தது ஒரே பிளக். குலேந்திரன் அண்ணை சம்மதித்துக் காசு அனுப்பினால்தான் வயரிங் வேலை நடக்கும், இல்லாவிட்டால் பிள்ளைகள் திரும்பவும் பிடரி பார்க்கவேண்டியதுதான். வீடியோவில் அவரைக் கூப்பிட்டு அறையைக் காட்டினோம். நான் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். அண்ணைக்குக் கண் கலங்கியது. "இதுதான் சரி பிள்ளை, இதுதான் நியாயம்" என்றார். எனக்கும் மூச்சு வந்தது. ரிஸ்வி போனை இன்னும் கொஞ்சம் அங்கால திருப்ப, ஓரத்தில் இருந்த சிவப்பு லப்டொப் தெரிந்தது. அண்ணையின் குரல் மாறிவிட்டது. "பொறு, பொறு. உது நான் ராணிக்குக் கொண்டுவந்து குடுத்ததெல்லோ? உது என்னண்டு அங்கை வந்தது? ஆரைக் கேட்டு எடுத்தனியள்?"

அதிபர் ரீச்சர் என்னைப் பார்த்தார், நான் ரிஸ்வியைப் பார்த்தேன். பின்னால் நின்ற ராணி அக்கா முன்னுக்கு வந்து போனுக்கு நேரே நின்றார். "நான்தான் குடுத்தனான் அண்ணை. நீங்கள் கேட்டமாதிரியே இதுக்கு ஊர் பேர் எல்லாம் தெரியும். இதுக்காகப் புதுசா ஒரு பிள்ளையும் குழிக்கை இறங்கேல்லை. நான் மட்டும் அலுமாரிக்கு மேலை ஏறினனான். நாலு பிள்ளையள் படிக்கட்டுமன்." அண்ணை கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், திரும்பப் போட்டார். கடைசியில் என்னைக் கூப்பிட்டார்: "சரி, வயரிங் செய்ய ஆளைக் கூப்பிடு பிள்ளை. ஆனா உந்தச் செம்புக் கம்பி எங்கையிருந்து வருதெண்டு மட்டும் ஒருக்கா விசாரிச்சுச் சொல்லு."

எவ்வளவு கவனமாகக் கழற்றிப் பூட்டினாலும் கடைசியில் ஓர் ஆணி கையில் மிஞ்சும் என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த கவலைதான். எனக்கு மிஞ்சியது செம்புக் கம்பி.