இரவல் போன ஸ்பேனர்கள்

என் வீட்டுக்காரருக்கு 'இல்லை' என்ற சொல் வாயில் வராது. மரக்காணத்தில் உப்பளத்துக்குப் போகிற ரோட்டோரம் எங்களுக்கு ஒரு பட்டறை இருந்தது. பட்டறை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு கீற்றுக் கொட்டகை, ஒரு மேசை, அதில் முறுக்கி வைத்த, இரும்பைக் கவ்விப் பிடிக்கிற வைஸ், பின்பக்கம் வரிசையாக ஆணி அடித்த ஒரு பலகை, அவ்வளவுதான். உப்பளங்களில் தண்ணீர் இறைக்கிற ஆயில் இன்ஜின்களைப் பிரித்துப் பூட்டுவது அவர் தொழில். பலகையில் ஆணிக்கு ஆணி ஒரு சாமான் தொங்கும். யார் வந்து கேட்டாலும் கழற்றிக் கொடுத்துவிடுவார். திருப்பிக் கேட்கவும் மாட்டார். கேட்டால் அவர்கள் மனசு கஷ்டப்படுமாம். அப்புறம் நான்தான் போய்ச் சண்டை போட்டு வாங்கி வரவேண்டும்.

எழுபதுகளின் பின்பாதியில் ஒரு மழைக்காலம். உப்பளமெல்லாம் ஏரி மாதிரி நிரம்பிக் கிடந்தது. உப்பு வாருகிற எனக்கும் வேலையில்லை, இன்ஜின் பார்க்கிற அவருக்கும் வேலையில்லை. கல்யாணமாகிச் சில வருஷம் ஆகியும் எங்களுக்கு அப்போது பிள்ளை கிடையாது. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான், ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு இருந்தோம். அந்த மழையில்தான் பலகை காலியாக ஆரம்பித்தது. முதலில் ரிங் ஸ்பேனர்களைக் காணோம். பிறகு பெரிய பைப் ரெஞ்சைக் காணோம். அப்புறம் பேரிங் கழற்றுகிற புல்லர். எங்கே என்று கேட்டால், "யாரோ கேட்டாங்க, குடுத்தேன்" என்பார். யாருக்கு என்று கேட்டால் பீடி பற்றவைக்க வெளியே போய்விடுவார்.

தை பிறந்தது. தண்ணீர் வடிந்து, பாத்திக்குக் கரை கட்ட ஆட்கள் இறங்கிவிட்டார்கள். இனி இன்ஜின்களைப் பிரித்துச் சுத்தம் செய்து ஓட்டிப் பார்க்கவேண்டும். எங்களுக்கு வருஷத்து அரிசியே அந்த வேலையில்தான். நாங்கள் செய்யாவிட்டால் திண்டிவனத்திலிருந்து வேறு மெக்கானிக்கைக் கூட்டி வருவார்கள். ஒரு தடவை அவன் கை வைத்துவிட்டால் அடுத்த வருஷமும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். பட்டறையை இழுத்து மூட வேண்டியதுதான். இது எனக்குத் தெரிகிறது, தொழில் செய்கிற மனுஷனுக்குத் தெரியவில்லையே என்று எனக்கு எரிச்சல். அவரோ மேசைமேல் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு, "பாக்கலாம்" என்றார்.

"எத்த வச்சிப் பாக்குறது? பல்லால கடிச்சா நட்டக் கழட்டுவீங்க?"

"போனா போவுது. வேற வாங்கிக்கலாம்."

வேறு வாங்குகிறாராம்! சரி, அதையும் பார்த்துவிடலாம் என்று பருப்பு டப்பாவில் சேர்த்து வைத்திருந்ததை முந்தானையில் முடிந்துகொண்டு பாண்டிக்குப் பஸ் ஏறினேன். பழைய இரும்புக் கடை ஒன்றில் போய், இன்னின்ன சாமான் வேண்டும் என்று சொன்னேன். கடைக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, எவ்வளவு வைத்திருக்கிறாய் என்று கேட்டார். காட்டினேன். "இந்தக் காசுக்குப் பாதி ஸ்பேனர் வேணா தர்றேம்மா" என்று சிரித்தார். "மொதல்ல உங்க கடையில முழு ஸ்பேனர் ஒண்ணு இருக்குதான்னு பாருங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவர் கடையில் எல்லாமே நல்ல சாமான்தான். என் கையில் காசு இல்லாத கோபம் அது. திரும்பி வருகிற வழியிலேயே தீர்மானித்துவிட்டேன். வாங்குகிற பேச்சே கிடையாது, போனதையெல்லாம் பிடுங்கிக்கொண்டு வரவேண்டும்.

ஆனால் யாரிடம் என்ன இருக்கிறது என்று அவர் வாயிலிருந்து வாங்குவது கல்லில் நார் உரிக்கிற வேலை. இரண்டு வேளை சோறு போடும்போதும் விடாமல் கேட்டதில், பைப் ரெஞ்சு உப்பள மேஸ்திரியிடம் 'இருந்தாலும் இருக்கும்' என்றார். மறுநாள் காலையிலேயே உப்பளத்தில் போய் நின்றேன். மேஸ்திரி பம்பு பக்கத்தில் குந்தி, எங்கள் ரெஞ்சால்தான் பைப்பை முறுக்கிக்கொண்டிருந்தார்.

"நல்லாருக்குது மேஸ்திரி நியாயம். எங்க சாமான வச்சிக்கினு நீங்க வேல செய்றீங்க, நாங்க வூட்ல ஈ ஓட்டிக்கினு இருக்கறோம்."

"கோச்சிக்காதம்மா. அவரு வந்து கேக்கட்டும், குடுத்துடறேன். தெனம் கையில எடுக்கணும்னு சொல்லித்தான் குடுத்தாரு."

தினம் கையில் எடுக்கவேண்டுமாம். இரவல் வாங்கியவன் சொல்கிற சாக்கு எத்தனையோ கேட்டிருக்கிறேன், இது புதுசாக இருந்தது. ரெஞ்சை அவர் கையிலிருந்தே வாங்கிக்கொண்டேன். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். அதில் ஒரு பொட்டுத் துரு இல்லை. எங்கள் ஊரில் இது சாதாரண விஷயம் இல்லை. உப்புக் காற்று எதையும் விடாது. பெட்டியில் பூட்டி வைத்த அரிவாள் ஒரு மழைக்காலத்தில் பொலபொலவென்று உதிரும். எடுத்துப் புழங்கிக்கொண்டே இருந்தால்தான் இரும்பு இரும்பாக இருக்கும். மேஸ்திரி ஒழுங்காகத்தான் வைத்திருக்கிறார் என்று நினைத்தேனே தவிர, அதற்குமேல் என் புத்தி போகவில்லை. ஸ்பேனரெல்லாம் அனுமந்தையில் சைக்கிளில் மீன் விற்கிறவரிடம் பார்த்ததாக அவரே சொன்னார்.

மீன்காரர் எனக்குத் தெரிந்தவர்தான். என் வீட்டுக்காரரை அண்ணன் என்று கூப்பிடுவார். நான் அனுமந்தையில் இறங்கியபோது வியாபாரம் முடித்து வந்து கூடையைக் கழுவிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் உள்ளே போய் ஒரு துணி மூட்டையை எடுத்து வந்தார். மூட்டை வருவதற்கு முன்னாலேயே வாசனை வந்துவிட்டது. ஸ்பேனர் ஒவ்வொன்றும் மீன் எண்ணெயில் குளித்துப் பளபளவென்று இருந்தது.

"எடுத்துக்கினு போங்க அண்ணி, நான் வேணான்னு சொல்லல. ஆனா அண்ணன் கேட்டாருன்னா நான் இன்னா பதில் சொல்றது? வாரத்துக்கு ஒருக்கா எண்ண போட்டுத் தொடைன்னாரு. தொடச்சிக்கினுதான் இருக்கேன்."

"எதுக்காம்? அவரு ஸ்பேனர அவரு தொடைக்கமாட்டாரா?"

மீன்காரர் கூடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அத்த நீங்க அண்ணன்கிட்டயே கேட்டுக்குங்க அண்ணி. புல்லர் கோட்டக்குப்பத்துல மாவு மில்லுல இருக்குது" என்று மட்டும் சொன்னார்.

எனக்கு அங்கேயே ஏதோ சரியில்லை என்று பட்டது. இரவல் வாங்கியவன் திருப்பிக் கொடுக்க முரண்டு பிடிப்பான், இல்லாவிட்டால் அசடு வழிவான். இவர் இரண்டும் செய்யவில்லை. எனக்காகப் பரிதாபப்பட்டார். வீட்டுக்குத் திரும்பாமல் அப்படியே கோட்டக்குப்பத்துக்கு அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன். கண்டக்டர் மூக்கைச் சுளித்துக்கொண்டு, கருவாடு எல்லாம் பஸ்ஸில் ஏற்றக்கூடாது என்றார். மூட்டையைப் பிரித்துக் காட்டினேன். ஸ்பேனரில் ஏன் மீன் வாசனை அடிக்கிறது என்று ஊர் வரும்வரை கேட்டுக்கொண்டே வந்தார். எனக்கே தெரியாததை அவருக்கு என்னத்தைச் சொல்வது?

மாவு மில்லை நடத்தியது ஒரு முஸ்லிம் அம்மா. அவர் வீட்டுக்காரர் துபாயில் இருந்தார். அந்தத் தெருவில் அப்போது வீட்டுக்கு ஓர் ஆள் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தார்கள். அந்த மில் இன்ஜினை என் வீட்டுக்காரர்தான் பார்ப்பார் என்பதால் என்னை அவருக்கு அடையாளம் தெரியும். கண் இமையெல்லாம் மாவாக வந்து, உட்காரவைத்து டீ கொடுத்தார். நான் புல்லரைக் கேட்டேன்.

"ஏன்மா, ரெண்டு வருசத்துக்கு வச்சிக்கச் சொன்னாரே. பயணம் நின்னு போச்சா?"

"எந்தப் பயணம்?"

அவர் முகம் மாறிவிட்டது. "யா அல்லா, உன்கிட்ட சொல்லலியா?" என்று தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு சொன்னார். தன் வீட்டுக்காரர் லீவில் வந்திருந்தபோது பேசி முடித்ததாம். என் வீட்டுக்காரருக்குத் துபாயில் இன்ஜின் மெக்கானிக் வேலை. அடுத்த மாதம் பம்பாய்க்குப் போய் அங்கிருந்து பிளேன் ஏறவேண்டுமாம். பட்டறையில் சாமானை வைத்துப் பூட்டினால் திரும்பி வருவதற்குள் துரு தின்றுவிடும் என்று, புழங்குகிற ஆட்களாகப் பார்த்து ஒவ்வொன்றாகக் கொடுத்துவைத்திருக்கிறார்.

டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அழுவாத. எங்க வூட்டாரு போவும்போது தையல் மிசின வித்தாரு, சைக்கிள வித்தாரு, கத்திரிக்கோலக்கூட வித்துட்டுப் போனாரு. அவரு எப்ப ஒரேடியா வருவாருன்னு அல்லாவுக்குத்தான் தெரியும். உன் வூட்டுக்காரரு ஒரு திருப்புளியக்கூட விக்கல. திரும்பி வர்ற நெனப்பு இருக்கறதாலதான அப்டி வச்சிருக்காரு?"

நான் அழவில்லை. அழுதுவிடுவேன் என்று அவருக்குத் தோன்றியிருக்கவேண்டும். புல்லரை ஒரு சாக்கில் சுற்றிக் கொடுத்து, பஸ் நிறுத்தம்வரை கூடவே வந்து ஏற்றிவிட்டார்.

மடியில் அத்தனை இரும்பையும் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மா சொன்னது நியாயம்தான். விற்றுவிட்டுப் போகிறவன் வேறு, பத்திரப்படுத்திவிட்டுப் போகிறவன் வேறு. திரும்பி வருவார் என்று எனக்கு நிம்மதி வந்திருக்கவேண்டும். வரவில்லை. மாறாக, யோசிக்க யோசிக்க ஆத்திரம்தான் வந்தது. தினம் பைப் முறுக்குகிறவருக்கு ரெஞ்சு. எண்ணெய் கையோடு இருக்கிற மீன்காரருக்கு ஸ்பேனர். மாதம் ஒரு தடவை பெல்ட்டு சக்கரம் கழற்றுகிற மில்லுக்குப் புல்லர். எதையும் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளுகிற மனுஷன், எது யாரிடம் இருந்தால் கெடாது என்று உட்கார்ந்து யோசித்திருக்கிறார். மழைக்காலம் முழுக்க என் பக்கத்தில் படுத்துக்கொண்டு யோசித்திருக்கிறார்.

பொழுது சாயும் நேரத்துக்குப் பட்டறைக்கு வந்தேன். அவர் மேசைமேல் அப்படியேதான் இருந்தார். மூட்டையை அவர் காலடியில் கொட்டினேன். சத்தம் கேட்டு எதிர்க்கடை ஆள் எட்டிப் பார்த்தார். புல்லரைப் பார்த்ததும் என் வீட்டுக்காரருக்குப் புரிந்துவிட்டது. இறங்கி நின்றார்.

"சொல்லலாம்னுதான் இருந்தேன். சொன்னா நீ வுடமாட்ட. ரெண்டு வருசம்தான். வந்து ஓட்டு வூடு கட்டிக்கலாம், பட்டறைக்கு சிமிட்டித் தரை போடலாம்..."

"ஸ்பேனருக்கெல்லாம் ஆள் பாத்து வச்சியே, எனக்கு யாரப் பாத்து வச்ச?"

அதுவரை அவரை நான் நீ என்று பேசியதில்லை. அவர் குனிந்து புல்லரை எடுத்து மேசைமேல் வைத்தார். பிறகு மெதுவாக, மனசில் இருப்பதைத்தான் சொன்னார்.

"உனக்கு எதுக்கு ஆளு? ஊரையே கேள்வி கேக்கறவ நீ. நீ எல்லாத்தயும் பாத்துக்குவன்னுதான் நெனச்சேன்."

"பாத்துக்குவேன். ஏன் முடியாது? உப்பு வாருவேன், திம்பேன், தூங்குவேன். பாத்துக்குவான்னா வுட்டுட்டுப் போயிடுவியா?"

இதைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்படி ஓர் அழுகையை நான் அதற்குமுன் அழுததில்லை, அதற்குப் பிறகும் அழுததில்லை. கீழே அந்த இரும்புக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு, மூக்கு ஒழுக ஒழுக அழுதேன். எனக்கே என்மேல் வெட்கமாக இருந்தது, நிறுத்த முடியவில்லை. அவர் பயந்துபோய்விட்டார். என்னைத் தொடலாமா வேண்டாமா என்று தெரியாமல், கை நீட்டுவதும் இழுத்துக்கொள்வதுமாக நின்றார். பிறகு பட்டறைக்குக் கதவாக வைத்திருந்த தட்டியை இழுத்து மூடினார். எதிர்க்கடைக்காரர் பார்க்கக்கூடாது என்று. பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

காலையில் அவர் ரெஞ்சையும் ஸ்பேனர்களையும் எடுத்துக்கொண்டு உப்பளத்துக்குப் போனார். அந்த வருஷம் எல்லா இன்ஜினையும் அவர்தான் பிரித்துப் பூட்டினார். பம்பாய்க்குப் போகவில்லை. அதற்குப் பிறகும் போகவில்லை. அப்போது போனவர்களெல்லாம் மாடி வீடு கட்டிவிட்டார்கள் என்று பின்னால் எங்களுக்குப் பிறந்த பிள்ளைகள் குறைபட்டுக்கொள்வார்கள். நான் செய்தது சரிதானா என்று எனக்கும் சில நாள் சந்தேகம் வரும். கடனும் கஷ்டமுமாக இருந்த வருஷங்களில் நிறையவே வந்திருக்கிறது. ஆனால் அவர் போயிருக்கலாம் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

பெண்டாட்டி பட்டறை வாசலில் நின்று போட்ட சத்தத்துக்குப் பயந்துதான் மனுஷன் பயணத்தை விட்டுவிட்டான் என்று ஊரெல்லாம் பேச்சு. எதிர்க்கடைக்காரர் பரப்பியது. டீக்கடையில் யாராவது கிண்டல் செய்தால், "ஆமாம்பா, அவ வாய்க்கு பயந்துக்கினுதான் நின்னுட்டேன்" என்று அவரும் சேர்ந்து சிரிப்பார். அவர் சாகிறவரைக்கும் அப்படியேதான் சொல்லிக்கொண்டிருந்தார். அன்றைக்கு நான் அழுதேன் என்று ஒருத்தரிடமும் சொல்லவில்லை.